கட்டுரைக்கு முதற் காளாஞ்சி

வன்னிக் காட்டில் யானை எத்தனை, கரடி எத்தனை என்று கணக்கெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கந்தோர்களில், மேசைக்கும் கோப்புக்கும் நடுவில், வாழும் இனங்களைக் கணக்கெடுக்கத்தான் ஒருவரும் இல்லை. அதனால் முதற்பெயர்க்காரர் என்ற இனம் நம்மிடையே பல்கிப் பெருகியும் அதைப்பற்றி ஒரு வரிகூட எழுதப்படாமற் கிடக்கிறது. வாசகரே, இன்று அந்தக் குறையைத் தீர்த்துவிடுவோம்.

அவரை அடையாளம் காண்பது கடினமன்று. வாசிகசாலைக்குக் கல் சுமந்தவன் ஒருவன், சுவர் வைத்தவன் ஒருவன், கூரைக்குத் தடி வெட்டக் காட்டுக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியவன் இன்னொருவன் என்றிருக்க, வாசலிற் பதித்த கல்லில் மட்டும் தம்முடைய பெயரைக் கண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் கண்டு, “எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிசாய் இருந்திருக்கலாம்” என்று சொல்கிறவர் எவரோ, அவரே முதற்பெயர்க்காரர். இவர் கள்வரா? ஒருபோதும் இல்லை. எடுப்பது பிறர் பொருள் என்று கள்வனுக்குத் தெரியும். இவருக்குத் தெரியாது. அதுதான் இவருடைய தூய்மை.

இந்த இனத்தில் பல கிளைகள் உண்டு. வாசிகசாலைக் கிளை, சங்கக் கிளை, கலியாணவீட்டுப் பந்தற் கிளை. எல்லாவற்றிலும் கொழுத்து வளர்ந்தது ஆராய்ச்சிக் கிளை. அது விஞ்ஞானக் கட்டுரைகளின் முதற் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே, ஆசிரியர் பெயர்கள் நிற்கும் அந்த ஒடுங்கிய வரியில் வாழ்கிறது. அந்த வரியைத் தாண்டி உள்ளே போவது அதற்கு வழக்கமில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டில் இந்தக் கிளையின் மிகச் சிறந்த மாதிரி ஒன்று, இரணைமடு வாய்க்காற் பக்கமாக இருந்த வெட்டுக்காட்டு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் அதிகாரியாக இருந்தது. பெயர் பரமலிங்கம். யாழ்ப்பாணத்துப் பக்கம் ஓர் ஊர். வெள்ளைக் காற்சட்டை, பழுப்புச் சப்பாத்து, சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். நல்ல மனிதர். யாருக்காவது காய்ச்சல் என்றால் தம்முடைய ஜீப்பை அனுப்புவார். லீவு கேட்டால் முகம் சுளிக்கமாட்டார். கட்டுரை ஒன்றை மேசையில் வைத்தால்தான் அவருடைய உள்ளங்கை அரிக்கத் தொடங்கும்.

பரமலிங்கத்தார் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. அதையும் பதிந்துவைப்பதே முறை. அவருடைய ஊர்க் கோயிலில் திருவிழா முடிந்ததும் ஐயர் தட்டிலே வெற்றிலை பாக்கு வைத்துக் காளாஞ்சி கொடுப்பார். அந்தக் காளாஞ்சி யாருடைய கைக்கு முதலிற் போவது என்பதில் பரமலிங்கத்தாரின் தகப்பனாருக்கும் மற்றொரு குடும்பத்துக்கும் வழக்கு. ஒரு வருடம் தேர் பாதி வீதியில் நின்றுவிட்டது. சுவாமி வெயிலிற் காய்ந்தார். காளாஞ்சியோ கடைசியில் தகப்பனாருக்கே கிடைத்தது. அன்றைக்கு அந்த வெற்றிலையைத் தகப்பனார் மென்ற விதத்தைப் பரமலிங்கத்தார் மறக்கவில்லை. கோயில் வேறு, கட்டுரை வேறு என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஒரு காரியம் நடந்து முடிந்தால் முதற் காளாஞ்சி ஒருவருக்குப் போக வேண்டும். பண்ணையில் அவரைவிடப் பெரியவர் யார்?

அவர் ஒரு கட்டுரையை வாசிக்கும் முறை தனி. முதற் பக்கத்தை வாசிப்பார்; அங்கே பெயர்கள் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தை வாசிப்பார். அங்கே அவருடைய பங்களிப்பு இருக்கும். நடுவில் உள்ளதை மற்றவர்களின் மனச்சாட்சிக்கு விட்டுவிடுவார். பங்களிப்பு என்ன என்கிறீர்களா? சிவப்புப் பென்சிலை எடுத்து முடிவுரையின் கீழே, “இவ்விடயத்தில் மேலும் ஆராய்ச்சி தேவை” என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் சேர்ப்பார். பயற்றங்காயைப் பற்றிய கட்டுரையில் அது இருக்கிறது. பசளையைப் பற்றியதில் இருக்கிறது. நஞ்சு வைத்தால் எலி சாகும் என்று ஐயந்திரிபற நிறுவிய கட்டுரையிலும் இருக்கிறது. இப்படிப் பதினேழு கட்டுரைகள். பதினேழிலும் அவருடைய பெயரே முதல்.

பதினெட்டாவதுதான் விமலேஸ்வரியின் கட்டுரை.

விமலேஸ்வரி பல்கலைக்கழகத்திலிருந்து பட்டம் பெற்று நேரே பண்ணைக்கு வந்த ஆராய்ச்சி உத்தியோகத்தர். குடையும் தொப்பியுமாகச் சேற்றில் இறங்கி நிற்பவள். சிறுபோகம் என்கிற கோடைப் பயிர்க்காலத்தில் குளத்து நீர் குறைவு. கமக்காரர்களோ வயலில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் என்று வாய்க்காற் கரையில் மண்வெட்டியோடு சண்டை பிடிப்பவர்கள். அவள் என்ன கண்டாள் என்றால், நிலத்தில் மயிரிழைபோல வெடிப்பு விழும்வரை வயலைக் காயவிட்டு, அதன்பிறகும் சில நாள் பொறுத்துத் தண்ணீர் பாய்ச்சினாலும் விளைச்சல் குறையவில்லை. இரண்டு சிறுபோகம் அளந்து, நிறுத்து, எழுதினாள். மூன்றாவது போகத்துப் பயிர் வயலில் நின்றது. கட்டுரை கொழும்பில் ஒரு விஞ்ஞான சஞ்சிகைக்குப் போகவிருந்தது.

அவளுக்கு அந்த முதற்பெயர் வெற்றிலை பாக்கு அல்ல. வெளிநாட்டுப் படிப்புக்கான புலமைப்பரிசில் ஒன்று இருந்தது. முதற்பெயராக ஒரு கட்டுரையாவது அச்சில் வந்தவர்களே அதற்கு விண்ணப்பிக்கலாம். வயதெல்லையும் உண்டு. அவளுக்கு அது அந்த வருடத்தோடு சரி.

“பிள்ளை, கட்டுரை நல்லாயிருக்கு,” என்றார் பரமலிங்கத்தார். “முன்பக்கம்தான் கொஞ்சம் வெறுமையாய்க் கிடக்கு.”

“முன்பக்கத்திலை தலைப்பும் என்ரை பேரும் இருக்கு, சேர்.”

“அதைத்தான் சொல்லுறன். ஒரேயொரு பேர்! ஒரு குமர்ப்பிள்ளை தனியச் சபைக்குள்ளை போய் நிக்கிறமாதிரிக் கிடக்கு. ஆர் வீட்டுப் பிள்ளை எண்டு கேக்கமாட்டினமே? பெரியாக்கள் கூட வரவேணும்.”

“கூட வரட்டும், சேர். பின்னாலை வரட்டுமே.”

“பெரியாக்கள் பின்னாலை வாறது செத்தவீட்டிலையும் இல்லை, பிள்ளை.”

 விஞ்ஞானம் செத்தவீட்டு ஒழுங்கை இன்னும் ஆராயவில்லை.

முதற்பெயர்க்காரரின் இன்னொரு குணத்தையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அவர் தனியே வருவதில்லை. தாம் ஏறியதும் இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொள்வார். அப்போதுதான் தாம் ஏறியது துருத்திக்கொண்டு தெரியாது. கட்டுரையைத் தட்டச்சுச் செய்த தலைமைக் கிளாக்கர் தில்லைநாதன் இரண்டாவதாக ஏறினார். விதைநெல்லும் அளவுக் கயிறும் கொடுத்த ஸ்ரோர்கீப்பர் சின்னராசா மூன்றாவது. விமலேஸ்வரி நான்காவது. “கடைசிப் பேர்தான் பிள்ளை வாசிக்கிறவன்ரை மனசிலை நிக்கும்,” என்று பரமலிங்கத்தார் ஆறுதல் சொன்னார். அப்படி நிற்குமானால் தாம் ஏன் அங்கே நிற்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

அன்றைக்கு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி நாகேஸ்வரியிடம் விசயத்தைச் சொன்னார். பதினெட்டு ஆகிவிட்டது என்றார்.

“அந்தப் பிள்ளைதானே வெயிலுக்கை நிண்டது?” என்றா நாகேஸ்வரி.

“நிண்டது அவள்தான். பண்ணை என்ரை பண்ணையெல்லோ?”

“இஞ்சேருங்கோ, இப்பிடித்தான் வீட்டிலையும். விருந்தாளியள் வந்து குழம்பு நல்லாயிருக்கெண்டு சொன்னால், ‘எங்கட வீட்டுக் குழம்பு அப்பிடித்தான்’ எண்டு நீங்கள் மீசையைத் தடவுறியள். உப்புக் கூடினால் மட்டும் ‘நாகேஸ், நீ என்ன செய்தனி?’”

பரமலிங்கத்தார் குழம்பை விட்டுப் பிசைந்தார். உப்பு அளவாக இருந்தது. ஆகவே அது அவருடைய குழம்பு.

இந்தக் கதையில் ஐந்தாவது ஒருவர் உண்டு. மஹ்றூப். வயல் வேலைகளுக்கு மேற்பார்வையாளர். பண்ணையில் எந்த மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில். தலைப்பாகைக்குக் கீழே ஓயாத வாய். பெயர்ப் பட்டியல் தட்டச்சாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் அவர் நேரே விமலேஸ்வரியின் மேசைக்கு வந்து நின்றார்.

“மிஸ், என்ட பேர் எங்க?”

“மஹ்றூப் அண்ணை, இது ஆராய்ச்சிக் கட்டுரை. முடிவிலை ‘பண்ணைத் தொழிலாளர்களுக்கு நன்றி’ எண்டு எழுதியிருக்கிறன்.”

“பண்ணைத் தொழிலாளர் எண்டு எனக்கு உம்மா பேர் வைக்கயில்லையே! மிஸ், இந்த ஆராய்ச்சி எப்பிடி வந்தது? சொல்லுங்க பாப்பம்.”

எப்படி வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சிறுபோகத்தில் மஹ்றூப் தம்முடைய மச்சானின் கலியாணத்துக்கு முல்லைத்தீவுக்குப் போனார். போகிற சந்தோசத்தில் பள்ளத்து வயலின் மடையைத் திறக்க மறந்துபோனார். கலியாணம் முடிந்தும் மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் வயல் வெடித்துக் கிடந்தது. யாருக்கும் சொல்லாமல் மடையைத் திறந்துவிட்டு, வேலை போகப்போகிறது என்று ஒவ்வொரு நாளும் அந்த வயலைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார். அறுவடையில் அந்த வயல் மற்ற வயல்களோடு சரிசமமாக நெல் கொடுத்தது. பயம் தீர்ந்த மனிதன் வாயை மூடிக்கொண்டிருப்பானா? “நான் ஒரு பரீட்சை செஞ்சனான்,” என்று அவர் பண்ணை முழுக்கச் சொல்லித் திரிந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த விமலேஸ்வரி மட்டும் சிரிக்காமல் போய் வயலைப் பார்த்தாள்.

“மறந்துபோறது ஆராய்ச்சியே, அண்ணை?” என்றாள் இப்போது.

“நான் மறக்காட்டி நீங்க எதை ஆராய்வீங்க?”

பார்த்தீர்களா வாசகரே! பெரியவர் தன் தலைமேல் ஏறி உட்கார்ந்ததை எண்ணி இரவெல்லாம் பல்லைக் கடித்த பிள்ளை, தான் யாருடைய தலைமேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று கீழே குனிந்து பார்க்கவில்லை. இந்த இனத்தில் பெண்பாலும் உண்டு. வயதும் ஒரு தடையன்று.

கட்டுரை கொழும்புக்குப் போயிற்று. அங்கேயிருந்து கடிதம் வருமென்று பார்த்திருக்க, சஞ்சிகையின் ஆசிரியரே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற பேராசிரியர், ஐயாத்துரை என்று பெயர். ஒல்லியான உடம்பு, பெரிய காது. யாழ்ப்பாணத்தில் சகோதரி மகளின் கலியாணத்துக்குப் போகிற வழியில் கிளிநொச்சியில் ரெயிலால் இறங்கி, “கட்டுரையை வாசிச்சனான். வயலையும் ஒருக்கால் பாத்திட்டு அச்சுக்குக் குடுப்பமெண்டு வந்தன்,” என்றார்.

பரமலிங்கத்தாருக்குப் பெருமை பிடிபடவில்லை. இளநீர் வந்தது. புதுக் கதிரை வந்தது.

“ஒரு சின்னத் திருத்தம் செய்திருக்கிறன்,” என்றார் பேராசிரியர் இளநீரைக் குடித்துக்கொண்டே. “கடைசியிலை ‘மேலும் ஆராய்ச்சி தேவை’ எண்டு ஒரு வசனம் கிடந்தது. அது ஒண்டும் சொல்லேல்லை. வெட்டிப்போட்டன்.”

பரமலிங்கத்தார் புன்னகை மாறாமல் தலையசைத்தார். பதினெட்டாவது கட்டுரையில் அவர் செய்த வேலை முழுவதும் அந்த நொடியோடு இல்லாமற் போயிற்று. அதை அறிந்தவர் அங்கே அவர் ஒருவரே.

வயலுக்குப் போனார்கள்.

வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கந்தோரில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு எல்லோரும் சமம் என்று சொல்லலாம். வரம்பில் அது நடவாது. வரம்பு ஒற்றையடி அகலம். ஒருவருக்குப் பின்னால் ஒருவராகத்தான் நடக்க முடியும். முன்னுக்கு நடப்பவருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும்.

“கட்டுரையிலை என்ன ஒழுங்கிலை பேர் கிடக்கோ, அந்த ஒழுங்கிலையே நடப்பம்,” என்றார் பேராசிரியர். விளையாட்டாகச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா என்று அந்தப் பெரிய காதுகளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. “முதலாவது பேருக்குப் பின்னாலை நான் வாறன். அவர் காட்டட்டும்.”

பரமலிங்கத்தார் முன்னே நடந்தார். பின்னால் பேராசிரியர், தில்லைநாதன், சின்னராசா, விமலேஸ்வரி. கடைசியில், பெயரில்லாதவராக, தோளில் மண்வெட்டியோடு மஹ்றூப். சுவாமி எழுந்தருளுவதுபோல இருந்தது; பரமலிங்கத்தாருக்கு உள்ளே எங்கேயோ மேளம் கேட்டது.

வரம்பு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் தண்ணீர் பளபளக்க, பச்சைப்பசேலென்று ஒரு வயல். வலப்பக்கம், பள்ளத்தில், தண்ணீரே இல்லாமல் தரை தெரியும் ஒரு வயல். பெரிய மனிதர் ஒருவருக்கு எதைக் காட்டுவது? இதற்குப் பட்டம் வேண்டுமா? பரமலிங்கத்தார் இடப்பக்கம் திரும்பினார்.

“வலப்பக்கம், மிஸ், வலப்பக்கம்,” என்றார் மஹ்றூப் பின்னாலிருந்து.

“வலப்பக்கமெண்டு சொல்லுங்கோ,” என்று விமலேஸ்வரி சின்னராசாவின் முதுகுக்குச் சொன்னாள். சின்னராசா அதைத் தில்லைநாதனுக்குக் கடத்தினார். தில்லைநாதன் மேலதிகாரியைத் திருத்தாமலே தலைமைக் கிளாக்கர் வரைக்கும் வந்தவர். அந்த வார்த்தையை அவர் எச்சிலோடு விழுங்கிக்கொண்டார்.

“இதுதான் வயல்,” என்றார் பரமலிங்கத்தார், கையை விரித்து.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். “தண்ணி நிக்குது.”

“ஓம், நல்லாய் நிக்குது! எங்கட பண்ணையிலை தண்ணிக்குப் பஞ்சமே இல்லை, ஐயா.”

“அப்ப அந்தப் பள்ளத்து வயல்?”

பரமலிங்கத்தார் திரும்பிப் பார்த்தார். வெடிப்புகளை இப்போதுதான் நன்றாகக் கண்டார். கொழும்பிலிருந்து பெரியவர் வந்த நாளில், தம்முடைய பண்ணையில், தம் கண்முன்னே, இப்படியொரு வயல்! முகம் சிவந்தது.

“மஹ்றூப்! என்ன கோலம் இது? பயிர் காஞ்சு சாகுது, நீர் தோளிலை மண்வெட்டியைக் கொழுவிக்கொண்டு ஊர்வலம் வாறீர்! ஓடிப்போய் மடையைத் திறவும்! இப்பவே திறவும்!”

மஹ்றூப் ஓடினார். அவர் சொல்லுக்கு அடங்கி அப்படி ஓடியதை அதற்கு முன் யாரும் பண்ணையில் கண்டதில்லை. மடைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு, ஆற அமர நிமிர்ந்து நின்றார்.

“திறக்காதேங்கோ!” விமலேஸ்வரியின் குரல் கிறீச்சிட்டது. நெல்லுக்குள் இருந்த கொக்குகள் எழும்பின. இன்னும் மூன்று நாள் அந்த வயல் காய வேண்டும். இன்று தண்ணீர் பாய்ந்தால் அந்தப் போகத்து வேலை முழுவதும் போயிற்று.

“நான் திறப்பன், சேர்,” என்றார் மஹ்றூப் மடையிலிருந்து, எல்லோருக்கும் கேட்க. “உங்கட சொல்லைத் தட்டமாட்டன். ஆனா ஒண்டு. இந்த வெடிப்புத்தான் நீங்க எழுதின கட்டுரை. திறந்தா அது தண்ணிக்குள்ள போயிரும்.”

 எங்கேயோ ஒரு தவளை மட்டும் தன் கருத்தைச் சொல்லிற்று.

பேராசிரியர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரமலிங்கத்தாருக்கு அது பெரிய உதவியாக இருந்திருக்கும். அவர் பையிலிருந்து கட்டுரையை எடுத்து விரித்தார். “எல்லாரும் நிக்கிறியள்தானே. ஆளாளுக்கு ஒரு வசனம். இந்த வேலையிலை நீங்கள் என்ன செய்தனீங்கள்? சொல்லுங்கோ பாப்பம். தில்லைநாதன்?”

“நான் தட்டச்சுச் செய்தனான், ஐயா. ஐஞ்சு தரம்.”

“பிழையில்லாமற் செய்திருக்கிறீர். சின்னராசா?”

“கயிறு குடுத்தனான்.”

“நல்ல கயிறோ?”

“முதல்தரத் தும்புக் கயிறு, ஐயா. இதுவரைக்கும் திருப்பித் தரேல்லை.” சொல்லிவிட்டு விமலேஸ்வரியைப் பார்த்தார். அந்தக் கயிறு அவருடைய மனதை வெகுநாளாக அறுத்துக்கொண்டிருந்தது.

விமலேஸ்வரி தான் செய்ததைச் சொன்னாள். வயலைப் பிரித்தது, நீரை அளந்தது, நெல்லை நிறுத்தது. பேராசிரியர் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

“எல்லாம் சரி, பிள்ளை. இந்த யோசினை எங்கையிருந்து வந்தது?”

அவளுடைய கண் மடைப்பக்கம் போய்த் திரும்பியது.  பரமலிங்கத்தார் அவளைப் பார்த்தார். அவளுடைய முகத்தில் இருந்தது அவருக்கு நன்றாகப் பழக்கமானதொன்று. சிறிது முன்னர்தான் அது அவருடைய முகத்தில் இருந்தது.

“அவர்,” என்று மடைப்பக்கம் கையைக் காட்டினாள். “மஹ்றூப் அண்ணை. அவர் மடையைத் திறக்க மறந்துபோனார்.”

“ஒருதரம் மறந்தனான்!” என்று அங்கிருந்தே திருத்தினார் மஹ்றூப். “பொறகு மூணு போகம் மறக்காமத் திறக்காம இருந்தனான். அதுதான் பாடு! பக்கத்து வயல்காரர் எல்லாம் ‘மஹ்றூபுக்கு மறுகா மறதி வந்திட்டு’ எண்டு சிரிக்கச் சிரிக்க இருந்தனான்.”

“இவரின்ரை பேரைக் காணேல்லையே?” என்றார் பேராசிரியர்.

“நன்றியிலை…” என்றாள் விமலேஸ்வரி. பிறகு, “அதிலையும் பேர் போடேல்லை,” என்றாள். குரல் நிலத்து வெடிப்புக்குள் போய்விட்டது.

பேராசிரியர் முதற்பெயர்க்காரரை மட்டும் கேட்கவில்லை. கட்டுரையை மடித்துப் பரமலிங்கத்தாரின் கையில் கொடுத்தார். “பேர் வரிசையை நான் எழுதமாட்டன். அது என்ரை வேலையில்லை. பின்னேர ரெயிலுக்கு முன்னம் நீங்களே எழுதித் தாங்கோ. ஒவ்வொரு பேருக்கும் நேரே அவர் செய்த வேலை ஒரு வசனம்.”

கந்தோரில் பரமலிங்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டு மேசையில் அமர்ந்தார். தம் பெயரை எழுதினார். அழகாக எழுதினார். அதற்கு நேரே வசனத்துக்கு இடம் கிடந்தது. யோசித்தார். ஜீப்புக்கு எண்ணெய் அனுமதித்தது? அது மாங்குளத்துக்கு மரம் பார்க்கப் போனபோது. இரண்டு உதவியாளர் கேட்டாள், இல்லையென்றது அவர். வயலுக்கு ஒருமுறை போனது உண்மை. போனது இன்று. போய்ச் செய்தது, மடையைத் திறக்கச் சொன்னது.

சிவப்புப் பென்சிலை எடுத்தார். வைத்தார். அதற்குத் தெரிந்த ஒரேயொரு வசனம் வெட்டப்பட்டுப் போயிற்று.

கதவைத் திறந்து விமலேஸ்வரியைக் கூப்பிட்டார். அவள் ஏற்கனவே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் வெளியில் நின்றாள். முதலாவது பெயர் விமலேஸ்வரி. அதற்கு நேரே, அளந்து எழுதியது. இரண்டாவது பெயர் மஹ்றூப். அதற்கு நேரே, ஒருமுறை மறந்ததும் பிறகு மறவாமல் இருந்ததும். அத்தோடு வரிசை நின்றுவிட்டது; தில்லைநாதனும் சின்னராசாவும் நன்றியுரைக்கு இறங்கியிருந்தார்கள்.  இவர் ஒப்பமிடாமல் ஒரு தாளும் பண்ணையைவிட்டுப் போகாது. ரெயில் போனால் சஞ்சிகையின் அந்த இதழ் போயிற்று, அதோடு புலமைப்பரிசிலும்.

பரமலிங்கத்தார் வாசித்தார். கோயில் வீதியில் பாதியில் நின்ற தேர் அவருக்கு ஞாபகம் வந்தது. இத்தனை வருடங்களில் முதன்முறையாக, அன்றைக்கு வெயிலில் வடம் பிடித்து நின்றவர்கள் யார் என்ற கேள்வியும் வந்தது. ஒருவருடைய முகமும் ஞாபகத்தில் இல்லை.

“நான் என்ன செய்தனானெண்டு எனக்கு எழுத வரேல்லை, பிள்ளை,” என்றார். “நீர் எழுதும். உள்ளதை எழுதும்.”

அவள் பேனையை எடுத்தாள். அவரைக் குத்தவும் மனமில்லை. பொய் எழுதவும் கை வரவில்லை. கடைசியில் நன்றியுரையில் ஒரு வசனம் எழுதினாள்: “பண்ணை அதிகாரி திரு. பரமலிங்கம் அவர்கள் இந்த ஆய்வைத் தடுக்கவில்லை. அதற்காக அவருக்கு எங்கள் நன்றி.”

அவர் அதை ஒருமுறை வாசித்தார். கேலியா? மறுமுறை வாசித்தார். தாம் இதுவரை தடுத்த ஆராய்ச்சிகளை நினைத்தார்: எருவைப் பற்றியது, கிணற்று நீரைப் பற்றியது, முதற்பெயரை விட்டுக்கொடுக்கமாட்டேன் என்ற ஒருவனுடைய மிளகாய்க் கட்டுரை. அவற்றோடு ஒப்பிட்டால் இது மிகைப்பட்ட பேச்சல்ல. மூன்றாம்முறை வாசித்தபோது அது உண்மையாகவே ஒரு பெரிய சேவையாகத் தோன்றிற்று. எத்தனை அதிகாரிகளால் இதைச் சொல்லிக்கொள்ள முடியும்?

ஒப்பமிட்டார். பிறகு பழக்கம் விடவில்லை; சிவப்புப் பென்சிலை எடுத்து, ‘தடுக்கவில்லை’ என்பதற்கு முன்னால் ‘ஒருபோதும்’ என்று சேர்த்தார். அதன்பின் நன்றியுரையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தட்டச்சுக்காகத் தில்லைநாதனும் கயிற்றுக்காகச் சின்னராசாவும் அவருக்கு மேலே நின்றார்கள். அம்பு போட்டு, தம்முடைய வசனத்தை மேலே ஏற்றினார்.

முதற் காளாஞ்சி!

கட்டுரை அச்சில் வந்தது. விமலேஸ்வரி கப்பல் ஏறினாள். போகுமுன் சின்னராசாவின் கயிற்றைத் திருப்பிக் கொடுத்தாள். மஹ்றூப் சஞ்சிகையை மடியில் செருகிக்கொண்டு கலியாணவீடுகளுக்குப் போய், “நான் மறந்தது அச்சில வந்திருக்கு, பாருங்க,” என்று ஆங்கிலம் தெரியாதவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். அதோடு நின்றாரா? பரந்தனிலிருந்து மாங்குளம் வரைக்கும் எவனுடைய வயல் காய்ந்து வெடித்தாலும், “அது என்ட முறை, என்னைக் கேட்டுத்தான் செஞ்சவன்,” என்கிறார் இப்போது. பரமலிங்கத்தாரின் வீட்டு முன்கூடத்தில் நன்றியுரைப் பக்கம் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு அவர் அதைக் காட்டுகிறார். நாகேஸ்வரி குசினியிலிருந்தபடியே, “அதுக்கு ஆணி அடிச்சது நான்,” என்று சொல்லிக்கொள்ளுறா.

நீங்கள் இதையெல்லாம் வாசித்துச் சிரித்திருப்பீர்கள். நல்லது. உங்கள் கந்தோரிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். அவருடைய பெயரும் உங்களுக்கு நினைவு வந்திருக்கும். இனி இந்தப் பக்கத்தை மடித்து, பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்து, ஏதோ சொல்ல வாயெடுக்கப்போகிறீர்கள். “இதைத்தான் நான் கனகாலமாய்ச் சொல்லிக்கொண்டு வாறன்” என்றோ, “நானே எழுதவேணுமெண்டு இருந்தனான்” என்றோ அந்த வசனம் தொடங்குமானால், சற்று நில்லுங்கள்.

வரம்பு பிரிகிற இடத்துக்கு வந்துவிட்டீர்கள். பின்னால் பேராசிரியர் நிற்கிறார்.